ஹெரால்ட் சேஸிஸும் மூன்று அடுக்குத் தகடும்

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் வாங்கப் போகிறீர்களா? அடிப்பாகம் முழுக்கத் தார் அடித்துக் கறுகறுவென்று பளபளத்தால் சந்தோஷப்படாதீர்கள். என் வண்டி (1965, இரண்டு கதவு) அப்படித்தான் இருந்தது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். என்னுடையதில் பின்பக்கம் முழுக்க ‘தொப் தொப்’. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் பிடி வரைக்கும் உள்ளே போகிறது. தாரைச் சுரண்டினால் தகடு, அதன் அடியில் இன்னொரு தகடு, அதற்கும் அடியில் துருவாகிப்போன அசல் தகடு, நடுவே பட்டி. யாரோ ஒரு புண்ணியவான் வண்டியையே தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸுக்கே பட்டி பார்த்திருக்கிறார்!

குளச்சல் பக்கம் கடலோரத்தில் வருடக்கணக்கில் நின்ற வண்டி அது. ஹெரால்டின் சேஸிஸ் பெட்டி வடிவத் தகடு. தண்ணீர் வடியும் துளைகள் மண் அடைத்துக்கொண்டால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிவிடும். துரு உள்ளிருந்துதான் வெளியே வருகிறது. வெளியே ஒரு பொட்டு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அகலம் போயிருக்கும்.

நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். அம்பாசடர் டிங்கரிங்கில் பெயர் பெற்ற இடம், சிக்கலே அதுதான். அம்பாசடரிலும் பழைய பியட்டிலும் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்கும். ஹெரால்டில் சேஸிஸ் தனி, பாடியை அதன் மேல் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். அவர்கள் பாடியைக் கழற்றாமலே, ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி கொடுத்து, பழைய தகடுகளுக்கு மேலேயே கனத்த பிளேட்டை வைத்து ஆர்க் வெல்டிங் அடித்துவிட்டார்கள். வண்டியை இறக்கியதும் டிரைவர் பக்கக் கதவு மேலே இடித்தது, கீழே விரல் நுழையும் இடைவெளி. கேட்டால், “பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்” என்கிறார் முதலாளி. பில்லில் மட்டும் ஒரு ரூபாய் குறையவில்லை.

அப்புறம்தான் புத்தி வேறு பக்கம் போனது. தனிச் சேஸிஸ் வேலை யாருக்குத் தெரியும்? ஜீப்காரர்களுக்கு. ரப்பர் எஸ்டேட் ஜீப்புகளைப் பார்க்கும் ஒருவர் குலசேகரத்தில் இருந்தார். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “மக்கா, இதையெல்லாம் வெட்டி எடுக்கணும். இதுக்கு மேல நான் ஒட்ட மாட்டேன்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவர் கேட்ட முன்பணத்தைக் கொடுத்தேன்.

பாடியைத் தூக்கும் முன் இரண்டு கதவுத் திறப்புகளுக்கும் குறுக்கே சதுரக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் பிடித்தார். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். ஹெரால்ட் பாடி முன்பாதி பின்பாதியாகப் போல்ட் போட்டு இணைத்தது, சும்மா தூக்கினால் நடுவில் மடங்கும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் இருக்கும் ஷிம்களைத் தனித்தனிக் கவரில் போட்டு, எந்த இடம் என்று எழுதிவையுங்கள். கதவு இடைவெளி பெரும்பாலும் அந்தச் சின்னத் தகடுகளில்தான் இருக்கிறது. மற்றபடி தூக்கியது இறக்கியது எல்லாம் ஆள்பலத்தில் சுலபமாக முடிந்தது.

பிறகு தூக்குக்குண்டு தொங்கவிட்டு, சேஸிஸின் புள்ளிகளைச் சிமென்ட் தரையில் சாக்பீஸால் குறித்து, மூலைக்கு மூலை நூல் பிடித்தார் ஜீப் அண்ணன். இரண்டு நூலும் ஒரே நீளம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதல் பட்டறையின் பிளேட்டை அறுத்த பிறகுதான் வித்தியாசம் குறைந்தது.

பக்கவாட்டில் கை நீட்டியிருக்கும் அவுட்ரிகர்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். அங்கே இன்னும் புதிதாகவே கிடைக்கின்றன. ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் சேஸிஸ் ஹெரால்டிலிருந்து வந்ததுதான், ஆனால் அதைச் சுருக்கி இந்தப் பக்கக் கைகளை எடுத்துவிட்டார்கள். எனவே ஸ்பிட்ஃபயர் பட்டியலைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். கூரியரில் கேஒய்சி கேட்டுப் பார்சலை நிறுத்தி வைத்தார்கள். அனுப்பிய ஆதாரையே மறுபடி மறுபடி கேட்டார்கள். கஸ்டமர் கேர் பெண்ணுக்கு என் குரல் மனப்பாடமாகியிருக்கும்.

மீதிக்கு 2 மி.மீ. தகடு. சிஓ டூ (கார்பன் டை ஆக்சைடு கேஸ்) வெல்டிங், ஆனால் நேரம் ஆடி மாதம். காற்று வந்து கேஸைக் கலைத்துவிட்டால் வெல்டிங் பொத்தல் பொத்தலாக நிற்கும். தார்ப்பாயால் மூன்று பக்கமும் மறைத்து, காற்று அடங்கிய நேரம் பார்த்துத்தான் அடிக்க முடிந்தது. ஓர் அங்குலம் அடித்தால் அடுத்தது எதிர்ப்பக்கம். ஒரே இடத்தில் இழுத்தால் சூட்டில் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள், பேட்டரியையும்தான். முடிந்ததும் வெளியே ஜிங்க் பிரைமர், பெட்டிக்குள்ளே மெழுகு ஸ்ப்ரே. துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது.

பாடி உட்கார்ந்ததும் கதவு ஒரு விரல் தள்ளலில் ‘டக்’கென்று மூடியது. அண்ணன் சிரிக்கவில்லை, நான்தான் திரும்பத் திரும்பத் திறந்து மூடினேன்.

கடைசியாக ஆர்.சி. புதுப்பிப்பு. 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 2021 முதல் விண்டேஜ் பதிவும் உண்டு. ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது விதி. அந்த வம்பே வேண்டாமென்று வழக்கமான ஐந்தாண்டுப் புதுப்பிப்புக்கே போனேன். அங்கே சேஸிஸ் எண் தெளிவாக இல்லை என்று திருப்பிவிட்டார்கள். முதல் பட்டறைக்காரர் எண் மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்! வாசலிலேயே தின்னரும் பஞ்சும் வாங்கித் துடைத்து, எழுத்து எழுத்தாகப் பென்சில் அச்சு எடுத்துக் கொடுத்த பிறகு கையெழுத்து விழுந்தது. வெட்டும் முன்பே எண் இருக்கும் இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். அந்தப் பக்கம் கிரைண்டரும் போகக் கூடாது, பிரஷ்ஷும் போகக் கூடாது.