காப்பிப் பூவும் தேனீயின் நினைவும்

கோடை மழை இறங்கிய சில நாள்களில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்கள் மல்லிகை மணத்துடன் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த இரண்டு மூன்று நாள்களும் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில் நின்று தேனீக்களைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம்.

காப்பி, ஆரஞ்சு ஆகிய மலர்களின் தேனில் மிகச் சிறிதளவு காஃபீன் உண்டு. அது கலந்த சர்க்கரைக் கரைசலைப் பெற்ற தேனீக்களுள், வெறும் சர்க்கரை பெற்றவற்றைப்போல் மூன்று மடங்கு, ஒரு நாள் கழித்தும் மலரின் வாசனையை நினைவில் வைத்திருந்தன என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. மூளையில் நினைவு பதியும் காளான் வடிவப் பகுதியின் நரம்புச் செல்களில் தூண்டலைத் தணிக்கும் அடினோசின் என்னும் வேதிப்பொருளின் ஏற்பிகளைக் காஃபீன் தடுப்பதால், அச்செல்கள் கூடுதலாகத் தூண்டப்படுகின்றன.

இனிப்பு கிடைத்த செய்தியை மூளைக்குள் பரப்புவது ஆக்டோபமைன் என்னும் நரம்பு வேதிப்பொருள். வாசனையையும் இனிப்பையும் பிணைப்பதில், செல்லுக்குள் உருவாகும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் மூலக்கூறுக்குப் பெரும்பங்கு உண்டு. 1976-இல் அடையாளம் காணப்பட்ட, கற்க இயலாத பழ ஈக்களில் அம்மூலக்கூறைச் சிதைக்கும் நொதியே பழுதாகியிருந்தது பின்னர் தெரியவந்தது.

காஃபீனின் கசப்பு மிகுந்தால் தேனீ விலகிவிடும். அது விலகாத அளவிலேயே செடி காஃபீனைத் தேனில் வைத்திருப்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.