கற்பிப்புத் தொகுப்புக்கான புதைபடிவங்கள்: நாட்குறிப்பு

பிப்ரவரி 3
கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றில், உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியோடு சேகரிப்பைத் தொடங்கினோம். உளியை எடுக்கும் முன்பே பாறைமுகப்பின் அடுக்குகளைக் கீழிருந்து மேலாக எண்ணிட்டு வரைந்துகொண்டோம். ஒவ்வோர் அடுக்கையும் அதிலுள்ள உயிரெச்சங்களைக் கொண்டே இனங்காணலாம் என்று கண்டதால்தான் ஆங்கிலேய நிலவியலாளர் வில்லியம் ஸ்மித்தால் 1815இல் தம் நிலவியல் வரைபடத்தை வெளியிட முடிந்தது. மாணவர்களோ அதற்குள் சரிவில் உதிர்ந்து கிடந்தவற்றைப் பை நிறையப் பொறுக்கிவிட்டார்கள். அவற்றுள் மிக அழகிய சிப்பிகளும் இருந்தன. எல்லாவற்றிலும் 'அடுக்கு தெரியவில்லை' என்று மனமில்லாமல் எழுதினேன்.

பிப்ரவரி 6
கழுவிக் காயவைத்தவற்றைப் பிரித்தோம். சிப்பிபோல் தோன்றும் வேறொரு கடலுயிரியான பிராக்கியோபாடின் இரண்டு ஓடுகளும் அளவில் வேறுபடும். ஆனால் ஒவ்வோர் ஓட்டையும் கீல் பக்கத்துக் கூர்முனையான அலகிலிருந்து முன்விளிம்பு வரை நடுவே பிளந்தால் இரு பாதிகளும் ஒத்திருக்கும். இருவோட்டுச் சிப்பியில் பெரும்பாலும் இது தலைகீழ்: ஓடுகள் இரண்டும் ஒன்றையொன்று ஒத்திருக்க, தனி ஓடு கோணலாக இருக்கும். இதைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள், இரண்டு ஓடுகளும் ஒவ்வாத, கிரிஃபியா என்ற இருவோட்டுச் சிப்பியை ஒரு மாணவி நீட்டினார். விதியை மீறும் அந்தச் சிப்பி முதல் தட்டிலேயே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பிப்ரவரி 10
சுருள் ஓடுடைய, அழிந்துபோன கடலுயிரிகளான அமோனைட்டுகளில் முழு ஓட்டோடு கிடைத்ததை எல்லோரும் விரும்பினார்கள். நான் தேர்ந்தெடுத்ததோ ஓடு கரைந்துபோய் உள்ளே நிரம்பி இறுகிய உள்வார்ப்பு மட்டும் எஞ்சிய துண்டு. ஓட்டின் உட்புறத்தைப் பிரிக்கும் அறைச்சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்களில் ஓடும் தையற்கோடுகள், ஓடு நீங்கினால்தான் கண்ணுக்குத் தெரியும். இன்றும் வாழும் அதன் உறவினமான நாட்டிலஸில் எளிய வளைவாக இருக்கும் அதே கோடு, இதில் இலைவிளிம்புபோல் நுணுக்கமாக மடிந்திருக்கிறது. ஒழுங்கின்றி உடைந்த ஒரு பக்கத்தில் அறைகளை இணைக்கும் சைஃபங்கிள் குழாய் வெளிவிளிம்பை ஒட்டிச் செல்வதும் தெரிகிறது. நாட்டிலஸில் அது அறைச்சுவரின் நடுப்பகுதியைத் துளைத்துச் செல்லும்.

பிப்ரவரி 13
பழைய இழுப்பறையில் 'பெரணி' என்ற சிட்டையோடு ஒரு கற்பலகை அகப்பட்டது. லென்ஸில் பார்த்தால் நடுநரம்பும் இல்லை, சிற்றிலையும் இல்லை. பாறைப் பிளவில் ஊறிய நீர் விட்டுச்சென்ற மாங்கனீசு ஆக்சைடுதான் கிளைகிளையாகப் படர்ந்திருக்கிறது. எறிந்துவிடலாம் என்றார் உதவியாளர். பழைய சிட்டையைக் கிழிக்காமல் உறையிலிட்டு, திருத்திய சிட்டையைக் கல்லின் அடிப்புறத்தில் ஒட்டினேன். திருப்பிப் பார்க்கும் முன் மாணவர்கள் தங்கள் விடையை எழுதிவிட வேண்டும்.