தளபதிகளின் கையொப்பம் தேடிய 11 ஆண்டுகள்

வேலையின் பொருட்டு வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் குடியேறிய பிறகுதான் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி நான் ஊன்றிப் படிக்கத் தொடங்கினேன். ஊருக்குத் தெற்கே, ஜேம்ஸ் ஆறும் அப்போமாட்டாக்ஸ் ஆறும் கூடும் மேட்டில் சிட்டி பாயின்ட் என்னும் இடம் இருக்கிறது. 1864 ஜூன் முதல் வடதரப்புப் படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் கிராண்ட் அங்கிருந்துதான் போரை நடத்தினார். அவர் தங்கிய சிறிய மரக்குடிலின் வாசலில் நின்றபோது, அவர் கைபட்ட தாள் ஒன்றாவது என்னிடம் இருக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது.

அந்த ஆசையின் அவசரத்தில் முதல் முறையே தவறிவிட்டேன். 'கிராண்ட் கையொப்பத்துடன் கூடிய போர்க்காலத் தந்தி' என்ற விவரத்தை நம்பி, ஒரு வணிகரிடமிருந்து இரண்டு மாதச் சேமிப்பைக் கொடுத்து ஒரு தாளை வாங்கினேன். அடியில் 'யு. எஸ். கிராண்ட், லெப்டினன்ட் ஜெனரல்' என்று தெளிவாக எழுதியிருந்தது. தந்தி எவ்வாறு பயணம் செய்கிறது என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. தளபதி எழுதிக் கொடுத்த தாள் அனுப்பும் நிலையத்திலேயே தங்கிவிடும். மறுமுனையில் கம்பியின் ஒலியைக் கேட்டு எழுதுபவர் தந்தி ஊழியர். ஆகவே என்னிடம் வந்த தாளில் செய்தியும் பெயரும் அந்த ஊழியரின் கையெழுத்தே. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, தந்தி என்பதை மறைக்கவில்லையே என்று பதில் வந்தது.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் எதையும் வாங்காமல் படித்தேன். வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் ஆய்வாளர் அட்டை பெற்று, விடுப்பு நாட்களை அங்கேயே கழித்தேன். பையையும் பேனாவையும் வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு உள்ளே போக வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு கோப்புறையை மட்டுமே எடுக்கலாம். ஐயத்துக்கு இடமில்லாத மூலங்களை நாள் முழுவதும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வரும் தெளிவை, ஏலப் பட்டியல்களின் படங்கள் தருவதில்லை. கிராண்ட் தம் கட்டளைகளைப் பெரும்பாலும் தாமே எழுதும் பழக்கமுடையவர் என்பதும், 32 தொகுதிகளாக வெளிவந்துள்ள அவருடைய எழுத்துகளின் பதிப்பைக் கொண்டு ஒரு கடிதத்தின் நாளையும் இடத்தையும் சரிபார்க்க முடியும் என்பதும் அப்போது தெரிந்துகொண்டவை.

அடுத்து நான் கற்க வேண்டியிருந்தது துணை அதிகாரிகளைப் பற்றி. தளபதியின் பெயரால் வெளிவந்த கட்டளைகளில் மிகப் பலவற்றில் 'இன்னாரின் கட்டளைப்படி' என்ற வரியை அடுத்துக் கையெழுத்திட்டவர்கள் அவருடைய நிர்வாகத் துணைவர்களே: கிராண்டுக்கு பவர்ஸ், தென்தரப்புத் தளபதி லீக்கு வால்டர் டெய்லர், வடதரப்பின் மற்றொரு தளபதி ஷெர்மனுக்கு டேட்டன். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல் நிலம் ஒதுக்கிய, 1865 ஜனவரி 16 நாளிட்ட ஷெர்மனின் புகழ்பெற்ற 15-ஆம் களக்கட்டளையும் டேட்டன் பெயரிலேயே முடிகிறது. இத்தகைய தாள்கள் வரலாற்றுப் பெருமை குறைந்தவை அல்ல. ஆனால் அவற்றைத் தளபதியின் கையொப்பம் என்று சொல்லி விற்பது தவறு.

இதற்கு நேர்மாறான ஒன்று லீயின் 9-ஆம் பொதுக்கட்டளை. கிராண்டிடம் சரணடைந்த மறுநாள், 1865 ஏப்ரல் 10 அன்று, தம் படைக்கு அவர் விடைகொடுத்த அந்த உரையைத் தயாரித்தவர் அவருடைய உதவியாளர் சார்லஸ் மார்ஷல். அதிகாரிகள் பலர் தாங்களே படியெடுத்து வந்து லீயிடம் நினைவாகக் கையொப்பம் பெற்றார்கள். ஆதலால் எழுத்து வெவ்வேறு கைகளில் இருக்க, அடியில் 'ஆர். இ. லீ' என்பது மட்டும் அவருடையதாக இருக்கும் மெய்யான படிகள் பல உண்டு. அதை அச்சில் நகலெடுத்து வெளியிட்ட தாள்களும் உண்டு. பூதக்கண்ணாடி இல்லாமல் அவற்றை அணுகக்கூடாது. எஃகு முனைப் பேனா அழுந்திய இடத்தில் கோட்டின் இரு விளிம்புகளும் கருத்துத் தெரியும். இரும்புச்சத்து கலந்த அக்கால மை நாளடைவில் பழுப்பேறித் தாளுக்குள் ஊறியிருக்கும். பழைய கணக்குப் புத்தகங்களின் வெற்றுத் தாள்களைக் கிழித்து எழுதிய போலிகளில், மை மடிப்பின் வெடிப்புக்குள் பரவியிருப்பதைக் காணலாம். தாள் பழசாகி மடிப்பு நைந்த பிறகே எழுதினார்கள் என்பதற்கு அது சாட்சி.

இரண்டு வகைத் தாள்களை நான் தொடுவதில்லை. ஒன்று, கடிதத்திலிருந்து கையொப்பத்தை மட்டும் கத்தரித்து எடுத்த துண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் ஆல்பத்தில் ஒட்டுவதற்காக இப்படி வெட்டினார்கள். யாருக்கு, எதற்காக எழுதியது என்பதையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டுப் பெயரை மட்டும் காப்பாற்றிய அந்தச் செயலை நினைத்தால் இன்றும் மனம் வேதனைப்படுகிறது. மற்றொன்று, கைமாறி வந்த வரலாறு தெரியாத அரசுத் தாள். பிலடெல்பியாவிலுள்ள ஆவணக்காப்பகக் கிளையில் 2006-இல் பயிற்சிக்குச் சேர்ந்த ஒருவர் 160-க்கும் மேற்பட்ட உள்நாட்டுப் போர் ஆவணங்களைத் திருடி, பலவற்றை இணைய ஏலத்தில் விற்றார். விற்பனையைக் கண்டு ஐயுற்றவர்கள் தகவல் கொடுத்ததால்தான் அது வெளிப்பட்டது. எந்தக் குடும்பத்தில் இருந்தது, எப்போது விற்பனைக்கு வந்தது என்று நான் கேட்கும்போது சில வணிகர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

என் சேகரிப்பில் நான் மிகவும் போற்றுவது ஒரு விடுப்பு விண்ணப்பம். 1864 பிப்ரவரியில், வர்ஜீனியாவின் குளிர்கால முகாமிலிருந்த பென்சில்வேனியா படைப்பிரிவின் இளம் அதிகாரி ஒருவர், மனைவி நோயுற்றிருப்பதால் 10 நாள் விடுப்புக் கேட்டு எழுதியது. அக்கால வழக்கப்படி தாளை மூன்றாக மடித்து, வெளிப்புற மடிப்புகளில் ஒவ்வொரு மேலதிகாரியும் தம் குறிப்பை எழுதியிருக்கிறார்கள். என் தந்தை தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாலுகா அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். 'தக்க வழியாக' என்று தலைப்பிட்டு, 'பரிந்துரைத்து மேலனுப்பப்படுகிறது' என்று ஒவ்வொரு மேசையிலும் கையொப்பம் ஏறும் மனுக்களைச் சிறு வயதிலேயே பார்த்திருந்ததால், இந்தத் தாளைக் கண்டவுடன் அதன் நடை எனக்குப் புரிந்துவிட்டது. கர்னல், பிரிகேட், டிவிஷன் என்று ஏறி, பல டிவிஷன்கள் அடங்கிய ஆறாம் கோரின் தளபதி ஜான் செட்ஜ்விக்கின் கையில் 'ஒப்புதல்' என்று முடிகிறது. கையொப்பத்தின் மை அவர் எழுதிய மடிப்புப் பகுதிக்குள்ளேயே அடங்கி, மடிப்பின் வெடிப்பில் பரவாமல் நிற்கிறது. ஆவணக்காப்பகத்தில் நான் பார்த்த அவருடைய கடிதங்களோடு எழுத்து முழுமையாக ஒத்துப்போகிறது. அதே ஆண்டு மே 9 அன்று ஸ்பாட்சில்வேனியாவில் எதிர்த்தரப்புத் துப்பாக்கி வீரனின் குண்டுக்கு அவர் பலியானார். போருக்குப் பின்னும் நெடுநாள் வாழ்ந்து, இருமுறை குடியரசுத் தலைவராகவும் இருந்த கிராண்டின் கையொப்பங்களைப் போல, செட்ஜ்விக்கின் கையொப்பங்கள் பிற்காலத்தில் பெருக வாய்ப்பே இல்லை.

விண்ணப்பித்தவர் என்ன ஆனார் என்பதை அறிய மீண்டும் வாஷிங்டனுக்குப் போய், தன்னார்வப் படையினரின் பணி அட்டைகளைக் கேட்டு வாங்கினேன். இரு மாதங்களுக்கு ஒருமுறை எடுத்த வருகைப் பதிவிலிருந்து தொகுத்தவை அவை. ஜனவரி-பிப்ரவரி அட்டையில் 'விடுப்பில்', மார்ச்-ஏப்ரல் அட்டையில் 'பணியில்', மே-ஜூன் அட்டையில் 'வில்டர்னஸில் காயமுற்று மருத்துவமனையில்' என்று இருந்தது. வில்டர்னஸ் என்பது 1864 மே மாதத் தொடக்கத்தில் வர்ஜீனியாவில் நடந்த பெரும் சண்டை. வீடு சென்று மனைவியைப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சண்டைக்குத் திரும்பியிருக்கிறார் என்று தெரிந்தபோது, வாசிப்பறையில் சிறிது நேரம் எதுவும் குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அமிலமற்ற உறையில், வெளிச்சம் படாத அலமாரியில், மடிப்புகளை விரித்துத் தட்டையாக அந்த மூலத்தை வைத்திருக்கிறேன். இனி மடித்தால் தாள் தாங்காது. அதன் படி ஒன்றை மட்டும் பழைய மடிப்புகளின்படியே மடித்து மேசையில் வைத்திருக்கிறேன். நண்பர்கள் வந்தால் அதைக் கையில் கொடுத்து, செட்ஜ்விக்கின் பெயரைத் தேடாமல் கர்னலின் குறிப்பிலிருந்து வரிசையாகப் படிக்கச் சொல்கிறேன்.