நாலு குமிழும் முழுசாக

கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பாஸ் (Boss) நிறுவனத்தின் எச்எம்-2 பெடலை மிதித்தேன். பக்கத்து அறைக் கதவு படாரென்று சாத்தப்பட்டது.

சரி, நியாயம்தான்.

இந்தப் பெடல் 1983-இல் வந்தது. பெரிய ஆம்ப்ளிஃபயர் அடுக்கின் உறுமலைச் சின்னப் பெட்டியில் அடைக்கும் ஆசை. கேட்டது என்னவோ மரம் அறுக்கும் ரம்பம்தான். 1991-இல் தயாரிப்பே நின்றுபோனது.

அதற்குள் ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் என்டூம்ட் மாதிரி டெத் மெட்டல் என்ற முரட்டு ராக் இசைக் குழுக்கள் நாலு குமிழையும் கடைசிவரை திருகிவிட்டிருந்தன.

சூட்சுமம் ‘ஹை’ குமிழில். அது தூக்குவது உச்ச ஒலியை அல்ல, 1,000 ஹெர்ட்ஸை ஒட்டிய நடு ஒலியை. கிட்டார் முகத்துக்கு நேராக வந்து கத்தும். ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலங்கும். சுத்தமாக வாசிப்பவர்களுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா?

எனக்கு அந்தக் கலங்கல்தான் வேண்டும். அளவாக வைத்தால் இது வெறும் சுமாரான பெடல்.