கடைசிப் படி

கூரை மேல் நின்று வேலை செய்யும்போது நான் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. விழுந்தது ஏணியிலிருந்து, அதுவும் வேலை முடிந்து இறங்கும்போது.

உயரம் 10 அடிதான். ஏணியின் நுனி கூரை விளிம்போடு சரியாக நின்றுவிட்டது. பிடித்துக்கொள்ள மேலே எதுவும் இல்லை. திரும்பி, கூரையில் வயிறு பட, இடது காலால் படியைத் துழாவினேன். கால் பட்டது. பாரத்தை அதில் இறக்கியதும் ஏணி பக்கவாட்டில் நழுவியது. அவ்வளவு உயரத்திலிருந்து விழ ஒரு நொடிகூட ஆகாது. நின்ற வாக்கிலேயே போய் இறங்கினேன்.

குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தது. நான் காலைக் காட்டிக் கத்திக்கொண்டிருக்க, மருத்துவர் முதுகை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே எரிச்சல். அப்புறம்தான் சொன்னார்: குதிகாலில் விழுந்த அடி மேலேறி, இடுப்புக்கு அருகே முதுகெலும்பையும் நசுக்கிவிடுவது உண்டாம், கால் வலியில் அது தெரியாமலே போகுமாம். என் முதுகு தப்பித்தது. ஆனால் மேடுபள்ளமான தரையில் நடந்தால் குதிகால் இன்றும் பேசும்.

விதி தெரியாமல் விழவில்லை. 4 அடி உயரத்துக்கு 1 அடி கணக்கில் ஏணியின் காலைத் தள்ளி வைக்க வேண்டும், நுனி விளிம்புக்கு மேல் 3 அடி நீள வேண்டும், மேலே கட்ட வேண்டும். எல்லாம் தெரியும். அன்றைக்கு நீள ஏணி வேறு வேலையில் மாட்டிக்கொண்டது. “பத்து நிமிஷ வேலைதானே அண்ணே” என்றான் கூட இருந்த பையன். நானும் சரி என்றேன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஏணியைச் சாத்தியது நான்.

ஏணியை நாங்கள் வேலையாகவே நினைப்பதில்லை, வழியாகத்தான் நினைக்கிறோம். கூரை மேல் பெல்ட், கயிறு எல்லாம் உண்டு. இறங்கும் நேரத்தில் அதைக் கழற்றிவிட்டு, களைத்த காலோடு, ஒரு கையில் டிரில்லையும் தூக்கிக்கொண்டு விளிம்புக்கு வருவோம். இப்போது கருவிகளைக் கயிறு கட்டி வாளியில் இறக்கிவிடுகிறேன், இரண்டு கையும் ஏணிக்கு.

ஆனால் முதல் ஆள் ஏறிக் கட்டும்வரை ஏணி கட்டாமல்தானே நிற்கும்? அந்த ஓர் ஏற்றத்துக்குக் கீழே ஒருவர் பிடித்தாக வேண்டும். அவர் பெரும்பாலும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.