மூன்று மாதக் கணக்கு

கல்யாணமாகி இரண்டு வருஷம் வரை “விசேஷம் ஏதாவது உண்டா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னது நான்தான். விரதம் இருந்ததும் நான்தான், ஸ்கேனுக்குப் படுத்ததும் நான்தான். எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி, எடை 74 கிலோ, 45 நாளுக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ். குறையெல்லாம் என்னிடம்தான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா என் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்கம்மா” என்றார். சம்மதிக்க அவருக்கு மூன்று வாரம் ஆனது. விந்தணு எண்ணிக்கை மில்லிக்கு 1.1 கோடி என்று வந்தது. 1.6 கோடிக்கு மேல் இருந்தால் நல்லது என்றார்கள். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

நாங்கள் திருப்பூர். அவருக்கு பனியன் கம்பெனியில் அயர்னிங் வேலை. நாள் முழுக்க நீராவி டேபிள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கூடவே ஆறேழு சிகரெட். விதைப்பை உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு நன்றாக உருவாகும், ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும் என்று டாக்டரம்மா விளக்கினார். அதாவது இன்றைக்கு சிகரெட்டை விட்டால் பலன் தெரிய மூன்று மாதம். இந்தக் கணக்கை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். எதைச் செய்தாலும் அடுத்த மாதமே எதிர்பார்த்து, நடக்காமல் அழுதிருக்கிறேன்.

அவர் கேட்டு வாங்கிக்கொண்டு பேக்கிங்குக்கு மாறினார். கூலி கொஞ்சம் குறைவு, பரவாயில்லை என்றார். சிகரெட்டை ஒரே நாளில் விட முடியவில்லை. இரண்டு தடவை தவறினார். அப்போது நான் சண்டை போட்டது தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கருமுட்டை வெளியாக வாய்ப்பு கூடும் என்றார்கள். 4 கிலோதானே என்று தெம்பு வந்தது. டீ டைம் போண்டாவை நிறுத்தினேன். ராத்திரி சோற்றுக்குப் பதில் கம்பங்களியும் கீரையும். “சோறு திங்காம எப்படி கண்ணு தெம்பு வரும்?” என்று அத்தை வருத்தப்பட்டார். அப்புறம் அவரே சுண்டல் அவித்து வைக்க ஆரம்பித்தார். தெருவில் நாய்த் தொல்லை, அதனால் மொட்டை மாடியில் இரண்டு பேரும் அரை மணி நேரம் நடந்தோம். அப்போதே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் தொடங்கச் சொன்னார்கள். கரு உருவான முதல் நான்கு வாரத்துக்குள் குழந்தையின் முதுகுத்தண்டுக்கு அடித்தளம் போட்டுவிடுமாம். நாள் தள்ளிய பிறகு ஆரம்பித்தால் தாமதம்.

இன்னொன்று, 14-ஆம் நாள் கணக்கு. ஒன்றரை வருஷம் காலண்டரில் அந்த நாளைத்தான் வட்டம் போட்டோம். கருமுட்டை வெளியாவது அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் 14 நாள் முன்பு. 45 நாள் சுழற்சியில் அது 31-ஆம் நாள் வாக்கில் வரும். வட்டம் போட்ட நாள் பரீட்சை மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஒன்று விட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தால் போதும், நாள் எண்ண வேண்டாம் என்றதும் காலண்டரைக் கழற்றிவிட்டேன்.

மூன்றாம் மாதம் நான் 69 கிலோ, சுழற்சி 34 நாள். அவருக்கு எண்ணிக்கை 1.9 கோடி. ஆறாம் மாதம் நாள் தள்ளியது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், இரண்டு கோடு.

இப்போது ஐந்தாம் மாதம். போன வாரம் ஸ்கேனுக்கு அவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு என்கூட வந்தார்.