எங்கள் நூலகத்தில் கோடைச் சாப்பாடு தொடங்கிய கதை

அமெரிக்காவில் கூடவா பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள் என்று ஊரிலிருந்து கேட்பார்கள். இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் காலையும் மதியமும் இலவசச் சாப்பாடு. வீட்டு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. ஆனால் கோடை விடுமுறை விட்டதும் அது கிடைக்கும் இடங்கள் சுருங்கிவிடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் மத்திய வேளாண் துறை கோடைகால உணவுத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. 1968-ல் சோதனையாகத் தொடங்கி, 1975-ல் தனித் திட்டமாக ஆனது.

நான் வேலை பார்க்கும் கிளை நூலகம் கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், திராட்சையும் பாதாமும் விளையும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. ஜூலையில் வெயில் சர்வசாதாரணமாக 100 பாரன்ஹீட்டைத் தாண்டும். அப்பா அம்மா தோட்ட வேலைக்கோ பழம் பெட்டி கட்டும் ஷெட்டுக்கோ போய்விடுவார்கள். பிள்ளைகள் கதவு திறக்கும்போதே ஏசிக்காக உள்ளே வந்துவிடும். மதியம் காமிக்ஸ் அலமாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், ஒரு காரச் சிப்ஸ் பாக்கெட்டை மூன்று பேர் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். அன்றைய சாப்பாடே அதுதான் என்பது எங்களுக்குத் தெரியும். இந்த மாநிலத்து நூலகங்கள் 2013 முதலே 'லன்ச் அட் த லைப்ரரி' என்ற பெயரில் சாப்பாடு கொடுத்துவருகின்றன. நாமும் செய்தால் என்ன என்று தோன்றியது.

நூலகம் சமைக்க வேண்டியதில்லை, பணமும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு ஸ்பான்சர் வேண்டும். பள்ளி மாவட்டமோ, நகராட்சியோ, தொண்டு நிறுவனமோ அந்தப் பொறுப்பை ஏற்கலாம். மாநிலக் கல்வித் துறையோடு ஒப்பந்தம் போடுவது அவர்கள்தான். பரிமாறிய ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இவ்வளவு என்று அவர்களுக்குப் பணம் வரும். நாங்கள் முதலில் அணுகிய அமைப்பு, உங்கள் ஊர்த் தலைக்கணக்குக்கு வேன் அனுப்பினால் டீசல் காசுகூடத் தேறாது என்று கைவிரித்துவிட்டது. கோபம் வந்தாலும் அவர்கள் கணக்கும் கணக்குதான். பிறகு ஒரு பள்ளி மாவட்டத்தின் சமையல்கூடம் ஒத்துக்கொண்டது. அவர்களுடைய வேன் ஏற்கெனவே வேறொரு இடத்துக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

தகுதி பார்ப்பது எப்படி என்பதுதான் என் சக ஊழியர்களின் பெரிய கவலை. பிள்ளைகளிடம் காகிதம் கேட்க வேண்டுமோ என்று பயந்தார்கள். தேவையே இல்லை. சுற்றுவட்டாரப் பிள்ளைகளில் பாதிப் பேராவது மத்திய அரசின் வருமான வரம்புப்படி இலவச அல்லது சலுகை விலைச் சாப்பாட்டுக்குத் தகுதியுள்ளவர்களாக இருந்தால் போதும், அந்த இடமே தகுதி பெற்றுவிடும். பக்கத்துப் பள்ளியின் கணக்கையோ மக்கள்தொகைக் கணக்கையோ காட்டலாம். அப்புறம் 18 வயது வரை யார் வந்தாலும் சாப்பிடலாம். பெயரோ, அட்டையோ, எந்த நாட்டுக்காரர் என்பதோ கேட்கக் கூடாது. ஒரு ஃபார்மை நீட்டினாலே கூட்டம் கலைந்துபோகிற ஊர் எங்களுடையது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை.

உண்மையான சண்டை கட்டிடத்துக்குள்தான் நடந்தது. புத்தகங்கள் இருக்கும் இடத்தில் சோறா என்றார்கள். கார்ப்பெட், எறும்பு, குப்பைத் தொட்டி நாற்றம் என்று பல கூட்டங்கள் போட்டுப் பேசினோம். கடைசியில் கார்ப்பெட் இல்லாத கூட்ட அறையை ஒதுக்கினோம். சாப்பாடு முடிந்த கையோடு குப்பை வெளியே போய்விட வேண்டும் என்று துப்புரவு செய்பவர் நிபந்தனை போட்டார். அவர் சொன்னதுதான் சரி.

பிறகு பயிற்சி. பிள்ளைகளை ஒன்றும் கேட்காத அரசாங்கம் தட்டை மட்டும் துருவித் துருவிக் கேட்கிறது. பால், பழமும் காய்கறியுமாக இரண்டு வகை, தானியம், புரதம் எல்லாம் இருந்தால்தான் அது ஒரு மதியச் சாப்பாடு. வேன் வந்ததும் தெர்மாமீட்டர் வைத்து எழுத வேண்டும். பால் 40 பாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். ஒப்புதல் வாங்கிய நேரத்துக்கு முன்போ பின்போ கொடுத்தால் அந்தச் சாப்பாட்டுக்கு ஸ்பான்சருக்குக் காசு வராது. வரிசையாக எண்கள் அச்சடித்த ஒரு தாள் உண்டு. பிள்ளை கையில் தட்டு போகும் அந்த நொடியில் ஓர் எண்ணை அடிக்க வேண்டும். மொத்தமாகப் பிறகு எண்ணிப் போடுவது செல்லாது. வரிசை நீளும்போது ஒருவர் பேனாவோடு வேறெதையும் பார்க்காமல் நிற்பதே ஒரு வேலை. அதற்கென்றே ஒரு கல்லூரி மாணவியை அமர்த்தினோம்.

பால் பிடிக்காத பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. பிரிக்காத பால் டப்பாவையும் கடிக்காத ஆப்பிளையும் பகிர்வு மேசையில் வைத்துவிடலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பெரிய பையன்கள் அந்த மேசையைத்தான் வட்டமிடுவார்கள்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது பெரியவர்கள் விஷயம். ஒரு பாட்டி இரண்டு பேரப்பிள்ளைகளோடு வருவார். சின்னவள் பீன்ஸ் வைத்துச் சுருட்டிய புரீட்டோ ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துப் பாட்டி வாயருகே கொண்டுபோவாள். பிள்ளைக்குக் கொடுத்ததைப் பிள்ளைதான் சாப்பிட வேண்டும் என்பது விதி. அதைச் சொல்ல வேண்டியவள் நான். சத்துணவுக் கூடத்து வாசலில் வளர்ந்தவளுக்கு அந்த வாக்கியம் நாக்கில் வரவில்லை. பெரியவர்களுக்கான சாப்பாட்டை விலை கொடுத்து வாங்க வழி உண்டு என்று ஸ்பான்சர் சொன்னார். நூலகத்துக்கு உதவும் தன்னார்வலர்களான 'நூலக நண்பர்கள்' குழு பழைய புத்தகம் விற்ற பணத்திலிருந்து அதைக் கட்டியது. எல்லா நாளும் போதவில்லை.

வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்றும் கேட்பார்கள். 2022 டிசம்பரில் வந்த சட்டம் கிராமப்புறங்களுக்கு அந்த வழியை நிரந்தரமாகத் திறந்துவிட்டது. ஆனால் ஸ்பான்சர் அதற்கென்று தனியாக அனுமதி வாங்க வேண்டும். எங்கள் ஸ்பான்சர் முதல் வருஷமே அதில் இறங்கத் தயாராக இல்லை. அதனால் எங்களிடம் உட்கார்ந்து சாப்பிடுவதுதான்.

உங்கள் பக்கத்து நூலகத்தில் இதைத் தொடங்க நினைத்தால், மே மாதம் வரை காத்திருக்காதீர்கள். ஸ்பான்சர்கள் வசந்தகாலத்திலேயே இடங்களின் பட்டியலை மாநிலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஜனவரியிலேயே பள்ளி மாவட்டத்தின் உணவுப் பிரிவுக்குப் போன் போடுங்கள். வேன் எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் கேளுங்கள், திட்டத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.